ஜகார்த்தாவில் நின்ற பதினொருவர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையிலே கம்பரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வள்ளுவரைப் பற்றியும் பாரதியாரைப் பற்றியும் ஆண்டுதோறும் பேசி வருகிறார்கள். கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்த செய்தி பரவியதும், "தமிழ்ச் சங்கத்திலே பந்துக்கு என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கே எனக்கு அளிக்கப்பெற்ற இந்த அரைமணி நேரத்தைச் செலவிடப் போகிறேன்.

நான் ஆட்டக்காரன் அல்லன், ஆட்டத்தின் அடியவன். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலே வேலை பெற்று, வட ஆர்க்காட்டிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கிய ஒருவருக்கு மகனாக இவ்வூரிலே பிறந்தவன். எங்கே பந்து உருண்டாலும் அங்கே போய் நிற்பது சிறு வயது முதற்கொண்டு என் வழக்கம். பம்பாய் கூப்பரேஜ் மைதானத்திலே ரோவர்ஸ் கோப்பை ஆட்டங்கள் நடந்த காலத்தில், காலையில் டெக்கான் குயீன் வண்டியில் ஏறிச் சென்று, ஆட்டம் முடிந்தபின் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்பும் கூட்டம் ஒன்று இவ்வூரில் இருந்தது. அக்கூட்டத்தில் நானும் ஒருவன்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கத்தார் நாட்டிலே ஆர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பைக்காக மோதியபோது, நமது காலனியின் மொட்டைமாடியில் திரை கட்டி ஆட்டத்தைக் காட்டினார்கள். வெள்ளையும் நீலமும் கலந்த சட்டை அணிந்து நம் பிள்ளைகள் மெஸ்ஸியின் பெயரைச் சொல்லிக் கூத்தாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆட்டம் முடிந்தபின், "பீட்டர் தங்கராஜ் யார், தெரியுமா?" என்று அவர்களைக் கேட்டேன். ஒருவரும் அறிந்திருக்கவில்லை. "பலராம் யார்?" என்று கேட்டேன். ஒரு சிறுமி மட்டும் தயங்காமல், "கிருஷ்ணனுக்கு அண்ணன்" என்று விடை கூறினாள். அவளுடைய புராண அறிவை மெச்சினேன்.

பிள்ளைகள் மீது குறையில்லை. ஒருவரும் சொல்லாத கதையை அவர்கள் எப்படி அறிவார்கள்? 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படத்தின் வாயிலாகச் சிலர் சிறிது தெரிந்துகொண்டிருக்கலாம். திரைப்படம் தன் வழியில் சொன்னது. ஒரு காலனிக்காரனின் வழியில் நான் சொல்கிறேன்.

முன்னே நடந்தவை

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு நமது கால்பந்து அணி சென்றது. நம்மவர்களிற் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூர் அணியிலிருந்து சென்ற சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது.

1951இல் புதுதில்லியிலே முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெயர் நமக்குக் கிடைத்தது. அங்கே யூகோஸ்லாவியாவிடம் தோற்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றோம்.

இந்த வளர்ச்சிக்கெல்லாம் பின்னால் நின்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். ஹைதராபாத் அவர் ஊர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை, ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக, ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பம்பாயின் பெருங்குழுக்களும் கல்கத்தாவின் பெருங்குழுக்களும் அந்தப் போலீஸ்காரர்களுக்கு முன்னே திகைத்து நின்றன. கையில் பிரம்பு இல்லாமல் வகுப்பை அடக்கும் ஆசிரியர்கள் சிலர் உண்டல்லவா? ரஹீம் அவ்வகையினர்.

பகை நடுவே ஒரு விழா

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 முதல் செப்டம்பர் 4 வரை, இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. விழாவுக்கு முன்பே அரசியல் புகுந்துவிட்டது. இஸ்ரேல் நாட்டினருக்கும் தைவான் நாட்டினருக்கும் இந்தோனேசிய அரசு அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டு விழாவையே தோற்றுவித்தவர்களில் ஒருவரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி இதனைக் கண்டித்தார். அழைப்புக்குரிய நாடுகளை விலக்கிய பின் இவ்விழாவுக்கு 'ஆசிய விழா' என்ற பெயர் பொருந்துமா என்று வினா எழுப்பினார். அவர் நின்றது நியாயத்தின் பக்கம். ஆனால் அந்த நியாயத்துக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நம் ஆட்டக்காரர்களாயினர். ஜகார்த்தா மக்களின் சினம் இந்தியர் மீது திரும்பியது. ஆர்ப்பாட்டக் கூட்டம் நமது தூதரகத்தைத் தாக்கியது. ஆட்டக்காரர்கள் வெளியே செல்லவே அஞ்சவேண்டிய நிலை. அணியினரை ஏற்றிச் சென்ற பேருந்திலே, தலைப்பாகையைக் கண்டால் இந்தியர் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், சீக்கிய ஆட்டக்காரர்கள் இருக்கைக்குக் கீழே தரையில் அமர்ந்து சென்றார்கள் என்று அவ்வணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டக் கணக்கைப் பார்ப்போம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். அந்த ஆட்டத்தில் தற்காப்பின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் நெற்றி பிளந்தது. ஆறு தையல்கள் போடப்பட்டன. மூன்றாவது ஆட்டத்தில் ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம்.

இங்கேதான் ஆசிரியர் ரஹீமின் மதியைக் காண்கிறோம். நெற்றியில் கட்டுப்போட்ட ஒருவரைத் தற்காப்பில் நிறுத்தினால் உயர்ந்து வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் தடுக்க வேண்டியிருக்கும். வெளியே உட்கார வைத்தாலோ ஒரு வீரனை இழந்தோம். ரஹீம் அவரை முன்னணியின் நடுவிலே, கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தினார். காவல் காத்தவர் தாக்க வந்துவிட்டார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்கள். மூன்றாவது கோல், ஆறு தையல்களோடு ஆடிய ஜர்னைல் சிங்குடையது.

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரே, முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. செனாயன் மைதானத்திலே ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள். நமது தேசிய கீதம் ஒலித்தபோதே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். நம்மவர் காலில் பந்து படும்போதெல்லாம் இரைச்சல். அத்தனை பெரிய அரங்கிலே நமக்காகக் குரல் கொடுத்த ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் யார்? பாகிஸ்தானின் ஹாக்கி ஆட்டக்காரர்கள்! அதே விழாவில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை வென்று தங்கம் பெற்றவர்கள். மைதானத்துக்கு வந்து இந்தியாவுக்காக அவர்கள் ஆரவாரித்ததை நம் ஆட்டக்காரர்கள் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு சொல்லி வந்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் இன்னொரு மாற்றமும் செய்தார். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்தார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடித்துத் தாக்குபவர்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த தங்கராஜைக் கோல் கம்பங்களுக்கிடையே ரஹீம் நிறுத்தினார். 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் இன்னொரு கோல். மூன்றே நிமிட இடைவெளியில் இலட்சம் பேரின் குரல் அடங்கியது. 85ஆம் நிமிடத்தில் கொரியா ஒரு கோல் அடித்தது, அதற்குமேல் விடவில்லை. 2-1. தங்கப் பதக்கம் நமதாயிற்று.

ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1963 ஜூன் 11ஆம் நாள் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டு விழாவின் ஆடவர் கால்பந்தில் அதற்குப்பின் இந்தியா தங்கம் பெறவில்லை. 1970இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே அவ்விழாவில் அவ்வணி கடைசியாகப் பெற்ற பதக்கம்.

யார் அந்தப் பதினொருவர்?

அன்பர்களே, இதுவரை நான் சொன்னதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் படித்து ஒப்பிக்கலாம். ஒரு புலம்பெயர்ந்த தமிழன் இக்கதையைப் படிக்கும்போது அவன் கண்ணில் படுவது வேறொன்று. ஜகார்த்தா சென்ற அணியின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஜர்னைல் சிங் லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர். 1947இல் நாடு பிளந்தபோது, சிறுவனாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். சுனி கோஸ்வாமி பிறந்த கிஷோர்கஞ்ச் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. அவர் வளர்ந்தது கல்கத்தாவில். பி. கே. பானர்ஜி ஜல்பாய்குரிப் பக்கத்தில் பிறந்து, ஜாம்ஷெட்பூர் தொழில் நகரிலே பந்தாடக் கற்றவர். பார்ச்சுனாட்டோ பிராங்கோ, போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவிலே பிறந்து பம்பாய்க்கு வந்தவர். சந்திரசேகரன் கேரளத்து இரிஞ்ஞாலக்குடைக்காரர். பம்பாயில் ஒரு நிறுவனத்தின் அணியில் ஆடியவர்.

இனி நம் காதுக்குப் பழக்கமான பெயர்களுக்கு வருகிறேன். துளசிதாஸ் பலராம், 1936இல் செகந்தராபாத் படைமுகாமை ஒட்டிய அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்திலே பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. பயிற்சிக்கு நகரத்துக்கு வந்துபோக அந்த இளைஞரிடம் காசில்லை. அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், வாடகைச் சைக்கிளுக்குத் தாமே பணம் கொடுத்து வரவழைத்தார். அந்தச் சைக்கிள் வாடகை வீண்போகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர் பலராம். ஜகார்த்தாவில் தாய்லாந்துக்கு எதிராக ஒன்று, ஜப்பானுக்கு எதிராக ஒன்று என்று கோல் அடித்தவரும் அவரே. நுரையீரல் நோயால் தம் இருபத்தேழாம் வயதை ஒட்டி ஆட்டத்தை விட நேர்ந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16இல் மறைந்தார்.

பீட்டர் தங்கராஜ் 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தார். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திலே சிப்பாயாகச் சேர்ந்தார். தொடக்கத்தில் முன்னணியில் ஆடியவரைக் கோல் காக்க நிறுத்தினார்கள். அந்த மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்டு கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று அவர் போற்றப்பெற்றார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். பொக்காரோவில் குடியேறி 2008இல் அங்கேயே காலமானார்.

ஜகார்த்தா சென்ற அணியில் அருமைநாயகம் என்றொருவர் இருந்தார். எதிராஜ் என்றொருவர் இருந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு ரோம் சென்ற அணியில் சைமன் சுந்தரராஜ் இருந்தார். 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணிக்குப் பயிற்சியளித்தவர் இந்தச் சுந்தரராஜ்தான். தமிழ்ப் பெயர் தாங்கியவர் மலையாள நாட்டுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஹைதராபாத்தின் இஸ்லாமிய ஆசிரியர் தமிழ்த் தாயின் மகனுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்தார். பிரிவினையில் ஊரிழந்து வந்த சீக்கியர் நெற்றித் தையலோடு எல்லோருக்குமாகக் கோல் அடித்தார். பட்டியலில் நம் பெயர்களை எண்ணி மகிழ்வது இயல்பு, நானும் எண்ணுகிறேன். எண்ணி முடித்தபின் இன்னும் சற்று நேரம் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நிறைந்த அணி என்பது விளங்கும். பிழைப்புக்காகவோ, படைக்காகவோ, பிரிவினையாலோ பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதிலே இருந்தனர். அவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

புதிய ஊரில் முதல் இடம்

வேற்றூருக்கு வந்த குடும்பத்திலே தகப்பனாருக்குத் தொழிற்சாலை இருக்கிறது. தாயாருக்கு அண்டை வீடும் கோயிலும் இருக்கின்றன. பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்திலே மொழி தெரியாமல் விழிக்கிறது. கடைத்தெருவில் பேசத் தயங்குகிறது. அந்தப் பிள்ளை முதன்முதலாக வாயைத் திறந்து கூச்சலிடும் இடம் மைதானம். அங்கே இலக்கணப் பிழையை ஒருவரும் திருத்துவதில்லை.

கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் கேம்ப்பிலும் பிம்ப்ரியிலும் வளர்ந்த பெரியவர்கள் இதனை நன்கு அறிவார்கள். மாலைநேரத்திலே தமிழ்ப் பையன் "இங்கே!" என்று பந்து கேட்பான், தெலுங்குப் பையன் "இக்கட!" என்பான், மராத்திப் பையன் "இக்கடே!" என்பான். மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும். பந்தும் தவறாமல் போய்ச் சேரும். நான் மராத்தி கற்றது எந்த வகுப்பிலும் அன்று, அந்தப் புழுதியிலேதான். இன்று எழுபது வயதைக் கடந்த என் மராத்திய நண்பர்கள், "இங்கே, அங்கே, அடி, விடு" என்ற நான்கு தமிழ்ச் சொற்களைப் பிழையின்றி உச்சரிக்கிறார்கள். தமிழ் வளர்ச்சிக்கு நாங்கள் செய்த தொண்டு அது!

ரஹீமின் அணியும் இத்தகைய மைதானங்களிலிருந்துதான் எழுந்தது. செகந்தராபாத் படைமுகாம், வெல்லிங்டன் படைமுகாம், ஜாம்ஷெட்பூர் ஆலைக் குடியிருப்பு, பம்பாய்க் கம்பெனி அணிகள். அவற்றிலே வளர்ந்த பிள்ளைகள், தம்மை இகழும் கூட்டத்தின் நடுவே நிற்கும் பழக்கத்தையும் அங்கேயே பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புதிய ஊரின் மைதானத்திலே முதல் நாள் கேலி கேளாத பிள்ளை உண்டா? மறுநாளும் போய் நிற்கிறான். மூன்றாம் நாள் பந்து அவனிடம் வருகிறது. ஜகார்த்தாவில் இலட்சம் பேர் கூச்சலிட்டபோது நம் பதினொருவர் கலங்காமல் நின்றதற்கு ரஹீமின் பயிற்சி ஒரு காரணம். வேற்று மண்ணில் கால் ஊன்றி ஊன்றிப் பழகிய அவர்களுடைய இளமைக்காலம் இன்னொரு காரணம்.

பெண் குழந்தைகளையும் மறந்துவிடக் கூடாது. 2022 ஜனவரி, பிப்ரவரித் திங்களில் மகளிருக்கான ஆசியக் கோப்பைப் போட்டி மும்பையிலும் நவி மும்பையிலும் நமது பூனாவின் பாலேவாடியிலும் நடைபெற்றது. பெயர்பெற்ற ஆஸ்திரேலிய அணியைத் தென்கொரியா ஒற்றைக் கோலால் வீழ்த்தியது இப்பாலேவாடி மைதானத்தில்தான். இறுதி ஆட்டத்தில் சீனம் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தும் எழுந்து, அதே தென்கொரியாவை 3-2 என்று வென்றது. நம் நாட்டுப் பெண்களோ ஈரானுடன் ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்த நிலையில், கொரோனா தொற்றினால் களத்துக்குத் தேவையான 13 பேரைத் திரட்ட முடியாமல் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அந்த அணியில் கடலூரின் இந்துமதி கதிரேசன் இருந்தார். ஆசியப் போட்டி நம் வீட்டு வாசல் வரை வந்தது; நம் காலனிப் பெண் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஒரு பந்தை உதைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது?

நம் முன்னே உள்ள கேள்வி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நமது காலனியின் மூன்றாம் கட்டடத்துக்கும் நான்காம் கட்டடத்துக்கும் இடையிலே ஒரு காலியிடம் இருக்கிறது. காலடியால் அளந்து பார்த்தேன்: நீளம் 90 தப்படி, அகலம் 50 தப்படி. சென்ற பொதுக்குழுவில் அதனைப் பற்றி இரண்டு யோசனைகள் வந்தன. வாகனம் நிறுத்த அவ்விடம் முழுவதும் தளம் போடவேண்டும் என்பது ஒன்று. விழாக்கூடம் கட்டவேண்டும் என்பது மற்றொன்று. அடுத்த மாதப் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடக்க இருக்கிறது.

இவ்விரண்டு யோசனைகளையும் கொண்டுவந்தவர்கள் என் நண்பர்கள். அவர்கள் சொல்வதிலே நியாயம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவர் காரை நிறுத்த இடமின்றி மூன்று முறை காலனியைச் சுற்றி வருகிறார். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மண்டப வாடகை பாதிச் செலவை விழுங்குகிறது. இத்துன்பங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன். காருக்கு இன்னொரு வழி காணலாம். மதிலை ஒட்டி மேற்குப் பக்கத்திலே ஒரு வரிசையும், இரவு எட்டு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை காலியிடத்தின் ஓரத்திலே ஒரு வரிசையும் நிறுத்தலாம். கூடத்துக்கு இன்னொரு வழி காணலாம். நூலகக் கட்டடத்தின் மேலே ஒரு மாடி எழுப்பலாம். அடித்தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர்களாகிய நம் உறுப்பினர்கள் சோதித்துச் சொல்லலாம். மண்ணுக்கு மட்டும் மாற்று இல்லை. ஒருமுறை சிமெண்டு போட்டுவிட்டால் அந்த 90 தப்படி நிலம் நம் காலத்தில் திரும்பி வாராது.

அந்த நிலத்திலே மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை ஒரு பந்து உருளட்டும். வாரத்தில் மூன்று நாட்கள் பெண் குழந்தைகளுக்கென்று ஒதுக்குவோம். பக்கத்துச் சாலையிலே குடியிருக்கும் மராத்தியப் பிள்ளைகளும், காவலாளியின் நேபாளப் பிள்ளையும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளே வந்து ஆடட்டும். வாயிற்கதவைப் பூட்ட வேண்டா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று நம் ஆசிரியை வருந்துகிறார். வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் பந்தாட்டம் உண்டு என்று அறிவித்துப் பாருங்கள். நெடுங்கணக்கைத் தலைகீழாகவும் ஒப்பிப்பார்கள்!

'தமிழ்ச் சங்கத்திலே பந்துக்கு என்ன வேலை?' என்ற கேள்விக்கு என் விடை இதுதான். தமிழ்ச் சங்கம் பிள்ளைக்கு அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்லித் தருகிறது. வந்து சேர்ந்த ஊரிலே அவன் யாரோடு சேர்ந்து வாழப்போகிறான் என்பதை மைதானம் சொல்லித் தருகிறது. இரண்டு பாடங்களும் பெற்ற முத்தம்மாவின் மகன் ஒலிம்பிக் வரை சென்றார். நம் பிள்ளைகள் ஒலிம்பிக்குக்குப் போகவேண்டும் என்று நான் பேராசைப்படவில்லை. போகாவிட்டாலும் குறையில்லை. பந்து கேட்கும் குரல் எந்த மொழியில் வந்தாலும் திரும்பிப் பார்க்கும் மனிதர்களாக அவர்கள் வளர்ந்தால் போதும்.

ஜகார்த்தாவில் ஆடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். 2020இல் பி. கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும், 2021இல் பிராங்கோவும் சந்திரசேகரனும், 2023இல் பலராமும் மறைந்தார்கள். சிலை வைக்க நமக்கு வசதியில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் கை தூக்குமுன் அந்தக் காலியிடத்தை ஒருமுறை மாலையிலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.